சுட்டதால் குணமா, கட்டியதால் குணமா?

மரபு வைத்தியத்தை மீட்டெடுக்க வேண்டும் என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. அதில் பெரும்பகுதியை நான் மறுக்க வரவில்லை. புண்ணுக்கு வேப்பெண்ணெயும் மஞ்சளும் பூசுவதில் யாருக்கு என்ன நட்டம்? ஆனால் அந்தப் பட்டியலின் வாலைப் பிடித்துக்கொண்டு சூட்டுக்கோலும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. மூட்டு வீங்கி மாதக்கணக்கில் நொண்டும் கன்றுக்கும் நாம்பனுக்கும் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கோடு இழுப்பதை முன்னோரின் நுண்ணறிவு என்று சிலாகிக்கிறார்கள். கேள்வி கேட்டால், நல்ல மாட்டுக்கு ஒரு சூடு என்று பழமொழியை எடுத்து வீசுகிறார்கள்.

சூட்டின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. இலங்கையின் கிழக்கே குறிஞ்சாக்கேணி, கிண்ணியாப் பக்கத்துப் பட்டிக்காரருக்கு இரும்பும் நெருப்பும் புதிதல்ல. சொந்தக்காரர் யார் என்று காட்டவே மாட்டுக்குக் குறிசுடுகிற நாடு இது. மிருக வைத்தியரை மேய்ச்சல் தரை வரை வரவழைப்பது நினைத்தவுடன் நடக்கிற காரியமல்ல. பாலம் கட்டி முடியாததால் சனங்கள் படகுப்பாதையில் கடந்து, 2021 நவம்பரில் அது கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊரில், நொண்டும் மாட்டை எதில் ஏற்றி எங்கே கொண்டுபோவது? பரியாரி கூப்பிட்டால் வருவார். சிங்கள மாட்டு வைத்திய ஏடுகளில் மாட்டின் உருவம் வரைந்து, எந்த நோய்க்கு எங்கே சுடுவது என்று கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே இது கண்மூடித்தனமான கொடுமை அல்ல, ஒரு முறை. முறை என்பதாலேயே அது பலிக்கிறது என்றாகிவிடாது.

சூடு நமக்கு மட்டும் உரியதும் அல்ல. ஐரோப்பியப் பந்தய லாயங்களில் நொண்டும் இளங்குதிரைகளின் காலில் இதையே நெடுங்காலம் செய்தார்கள். கோடாக இழுப்பதும் உண்டு, ஊசிமுனை இரும்பால் புள்ளி புள்ளியாகச் சுடுவதும் உண்டு. அவர்கள் சொன்ன காரணமும் நம்மவர் சொல்வதுதான்: சுட்டால் அந்த இடத்துக்கு இரத்தம் ஓடிவரும், நாட்பட்ட நோவு புது நோவாகி ஆறும், ஆறிய தோல் இறுகிக் காலுக்குக் கட்டுப் போட்டதுபோல் நிற்கும். பிரித்தானியாவின் பிரிஸ்டலில் இயன் சில்வரும் குதிரை வைத்தியர் பீட்டர் ரொஸ்டேலும் குழுவாக இதைச் சோதித்து 1983இல் முடிவை வெளியிட்டார்கள். சுட்டதால் தசைநாண் விரைவாகவும் ஆறவில்லை, நன்றாகவும் ஆறவில்லை. இறுகிக் காலைத் தாங்கும் என்று சொல்லப்பட்ட தோல் மெலிந்துபோயிருந்தது. 1991இல் அந்நாட்டு அரச மிருக வைத்தியர் கல்லூரி, இது தொழில் அறத்துக்கு ஒவ்வாது என்றது.

அந்த ஆய்வு தசைநாணைப் பற்றியது, மூட்டைப் பற்றியதல்ல என்று யாராவது எழுந்து சொல்லலாம். சரிதான். ஆனால் குதிரையின் முன்னங்கால் தசைநாண் தோலுக்கு அடியிலேயே கிடப்பது. அங்கேயே உதவாத சூடு, உறைக்குள்ளே, நீருக்குள்ளே, இரத்தக்குழாயே இல்லாத குருத்தெலும்புக்கு எப்படி உதவும்? தோல் வெந்து, மயிர் கருகிய நாற்றம் எழுந்து, நாலு பேர் அமுக்கிப் பிடித்த கன்று துடித்து அடங்குகிறது. உள்ளே இருக்கிற மூட்டுக்கு அதனால் ஒன்றும் நடப்பதில்லை.

அப்படியானால் சுட்ட பிறகு எத்தனையோ மாடு நடந்திருக்கிறதே? நடந்திருக்கிறது. நான் பல காலமாகச் சொல்லி வருவது இதைத்தான். சுட்ட மாட்டை யாரும் மேய்ச்சலுக்கு ஓட்டுவதில்லை, வேலைக்கும் பூட்டுவதில்லை. புண் ஆறும்வரை நிழலில் கட்டி, புல் அறுத்துப் போட்டு, தண்ணீரை வாய்க்கு நேரே கொண்டுபோய் வைக்கிறார்கள். ஐரோப்பாவிலும் சூடு பட்ட குதிரைக்கு மாதக்கணக்கில் ஓய்வு. அந்த ஓய்வைச் சூடு இல்லாமலே கொடுத்திருக்கலாம். போதாததற்கு, வளரும் குதிரைகளில் குருத்தெலும்பு சரியாக எலும்பாக முற்றாமல் வருகிற மூட்டுக் கோளாறு ஒன்று உண்டு. அதில் லேசானவை பல, குட்டிக்கு ஒரு வயது ஆகுமுன் தாமாகவே சரியாகிவிடுகின்றன. கயிறும் காலமும் செய்த வேலைக்கு இரும்பு பெயர் வாங்கிக்கொள்கிறது.

பெயர் வாங்குவதோடு நின்றால் பேசாமல் இருந்துவிடலாம். கன்றுகளுக்கும் குதிரைக் குட்டிகளுக்கும் பொதுவான ஒரு நோயில் அது உயிருக்கே உலை வைக்கிறது. பிறந்த கன்றின் தொப்புள்கொடி ஈரம் காயுமுன் பட்டிச் சேற்றில் புரள்கிறது. அந்த வழியாகக் கிருமி ஏறி இரத்தத்தில் கலந்து மூட்டில் போய்த் தங்குகிறது. சில நாளில், சில வாரத்தில், முன்முழங்கால் பந்துபோல் வீங்கும், தொட்டால் சுடும், கன்று அந்தக் காலை நிலத்தில் ஊன்றாமல் நுனிக்குளம்பால் மட்டும் தொட்டபடி மூன்று காலில் நிற்கும். சீழ் பிடித்த மூட்டில் குருத்தெலும்பு அரிபட நாட்கள் போதும். உடனே கிருமிக்கொல்லி ஊசி தொடங்கி, தேவைப்பட்டால் மூட்டைக் கழுவி, வாரக்கணக்கில் தொடர்ந்தால் கன்று தப்பலாம். நம் பட்டிகளில் அந்த முதல் வாரத்தில் நடப்பது சூடு. பிறகு, சூடு பிடிக்கட்டும் என்ற காத்திருப்பு. வெந்த தோலில் இலையான் முட்டையிட்டுப் புழு வைக்கும் நேரத்தில்தான் ஊசிக்காரரைத் தேடுகிறார்கள். அவர் கைவிரித்ததும், பார்த்தீர்களா, இங்கிலீசு மருந்தும் கேட்கவில்லை என்று அந்தப் பழியும் அவர் தலையில் விழுகிறது. சூடு போடாமல் இருந்திருந்தால் இந்தக் கன்றுகளில் பாதியாவது... கணக்கு யாரிடமும் இல்லை, விடுவோம்.

வளர்ந்த மாட்டில் நொண்டலுக்குக் காரணம் பெரும்பாலும் மூட்டே அல்ல, குளம்பு. மாரி காலத்துச் சேற்றில் ஊறிய குளம்பில் முள்ளோ கல்லோ ஏறியிருக்கும். காலைத் தூக்கிக் கழுவிப் பார்த்தால் தெரிந்துவிடும். தோளில் மூன்று கோடு இழுத்துவிட்டு, குளம்பில் முள்ளோடு அதை நிற்கவைப்பதைப் பாரம்பரிய அறிவு என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது. சூட்டைப் போற்றி எழுதுகிறவர்கள் தங்கள் முழங்கால் வலிக்கு யாரிடம் போகிறார்கள் என்று கேட்பது நாகரிகமில்லை. இருந்தாலும் கேட்கத் தோன்றுகிறது.

பரியாரியை விரட்டச் சொல்லவில்லை. நடை பார்த்தே எந்தக் கால் என்று சொல்லிவிடும் கண் அவருக்கு இருக்கிறது. கன்று விழுந்த அன்றே அவர் வந்து, தொப்புளில் அயடின் தடவி, முதல் சில மணி நேரத்துக்குள் கடும்புப்பால் வயிற்றுக்குள் போயிற்றா என்று பார்த்தால், மூட்டு வீக்கங்களில் பலவற்றைத் தொடக்கத்திலேயே தடுக்கலாம். அதற்கு ஆகும் செலவு, சூடு போடக் கூடும் ஆட்களின் தேநீர்ச் செலவுக்கு மேல் போகாது.

சூடுதான் குணமாக்குகிறது என்பவர்கள் அதைக் காட்ட ஒரு வழி இருக்கிறது. ஒரே பட்டியில் ஒரேமாதிரி நொண்டும் இரண்டு நாம்பன்களை நிழலில் கட்டி, இரண்டுக்கும் ஒரேமாதிரித் தீனி போட்டு, ஒன்றை மட்டும் சுட்டுப் பார்க்கலாம். அப்படிச் செய்ததாக எந்தப் பரியாரியும் சொல்லிக் கேட்டதில்லை. சுடாத நாம்பனை இரண்டு மாதம் சும்மா கட்டிவைத்துப் புல் போட யாருக்கும் மனம் வருவதில்லை. நொண்டிக்கொண்டே அது மேய்ச்சலுக்குப் போகிறது, இல்லாவிட்டால் இறைச்சிக் கடைக்கு.