சுவாமி மலைக் காதல்

திருகோணமலையில் ஒரு காதல் கதை கல்லிலேயே நிற்கிறது. ஒல்லாந்தப் பிரபு வீட்டுப் பெண் பிரான்சினா வான் ரீடின் பெயரும் 1687 என்ற ஆண்டும் வெட்டிய தூண் அது. காதலன் கப்பலேறியதும் அங்குள்ள சுவாமி மலைப் பாறையிலிருந்து கடலில் குதித்தாளாம், ஊர்ப்பேச்சு அப்படி. பின்னாளில் அவள் வேறொருவரை மணந்ததாக ஆவணங்கள் சொல்கின்றன. எனக்கு இந்த முரண்தான் பிடித்திருக்கிறது. தூணும் லேசுப்பட்டதல்ல: போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண் என்கிறார்கள்.

இன்று அதே பாறையில், பிள்ளைவரம் கேட்டுக் கட்டிய சிறு தொட்டில்கள் மரக்கிளையில் கடற்காற்றுக்கு ஆடுகின்றன. அங்கே இன்றுள்ள கோயிலில் கோணேசரைக் கும்பிடப் போனால் பிரான்சினாவையும் ஒருகணம் நினையுங்கள். குதித்தவளாக அல்ல, வாழ்ந்தவளாக.