நான்கு திருடர்களும் ஒரு கதையும்

கலை பற்றிய நமது விவாதங்களிற் கதை உள்ளடக்கமாகவும், கைத்திறன் உருவமாகவும் பிரித்து எண்ணப்படுவதுண்டு. இப்பிரிவினை எத்துணைப் போலியானது என்பதைக் காட்டக் காவியங்களையும் நாவல்களையும் தேடிச் செல்ல வேண்டியதில்லை. வீட்டு விறாந்தைகளிலும் பாடசாலைக் கலைவிழாக்களிலும் செய்து காட்டத்தக்க எளிய சீட்டு வித்தையொன்றே போதும். இத்தகைய வித்தைகளைச் சிறுவர் விளையாட்டென்று விமரிசகர் ஒதுக்கிவிடுவது வழக்கம். ஆயினும் ஒரு கதை மனிதரின் கண்ணை எவ்வாறு ஆளுகின்றது என்பதை ஐந்து நிமிடத்துள் இவ்வளவு தெளிவாகக் காட்டும் கலை வேறு அரிது.

இங்கு நாம் ஆராயப் புகுவது 'நான்கு திருடர்' எனும் வித்தையாகும். வித்தைக்காரர் நான்கு ஜாக் சீட்டுகளை விசிறிபோல் விரித்துக் காட்டுகின்றார். இவர்களே திருடர்கள், 52 சீட்டுக் கட்டே அவர்கள் புகும் மாளிகை. நால்வரையும் சேர்த்துக் கட்டின் மேல் குப்புற வைக்கின்றார். முதலாவது திருடன் கீழ்மாடிக்குச் செல்கின்றான் என்று கூறி மேற்சீட்டை எடுத்துக் கட்டின் அடிப்பகுதியிற் செருகுகின்றார். இரண்டாமவன் நடுமாடிக்கும், மூன்றாமவன் அதற்குச் சற்று மேலேயும் செல்கின்றனர். நான்காமவன் கூரையிற் காவல் நிற்கின்றான். அவன் முகத்தை மாத்திரம் வித்தைக்காரர் திருப்பிக் காட்டுகின்றார். பொலிசார் வந்து கதவைத் தட்டுகின்றனர். கட்டின்மேல் விரலால் ஒரு தட்டு! திருடர் நால்வரும் கூரைக்கு ஓடிவிடுகின்றனர். மேலுள்ள நான்கு சீட்டுகளையும் திருப்பினால், நான்கும் ஜாக்குகளே.

இதன் இரகசியம் மிக எளியது. விசிறியின் பின்னால், கடைசி ஜாக்குக்குப் பின்னே, வேறு மூன்று சீட்டுகள் ஒன்றாகச் சேர்ந்து மறைந்திருந்தன. நால்வரையும் குப்புற வைத்தபோது அம்மூன்றும் மேலே வந்துவிட்டன. மாடிகளுக்குச் சென்றவை அவையே. ஜாக்குகள் நான்கும் இருந்த இடத்தை விட்டு அசையவேயில்லை. இரகசியத்தை வெளியிடுவது கலைக்குத் துரோகமன்றோ எனச் சிலர் வினவலாம். சிறுவர்க்கான வித்தை நூல்களில் எத்தனையோ முறை அச்சேறிய இரகசியம் இது. மேலும், வித்தையின் உயிர் அந்த மூன்று சீட்டுகளில் இல்லை. கதையை நீக்கிவிட்டு இதனைச் செய்துபாருங்கள்: 'செருகும் சீட்டைக் காட்டு' என்று முதற் சீட்டிலேயே ஒருவர் கேட்டுவிடுவார். கதை சொல்லப்படும்போது பெரும்பாலும் எவரும் அவ்வாறு கேட்பதில்லை. ஏன் கேட்பதில்லை என்பதே நமது வினா.

முதலாவதாக, கதை மறைப்புக்கு நியாயம் வழங்குகின்றது. திருடன் முகத்தை மறைத்துக்கொண்டு செல்பவன். ஆகவே அவனது சீட்டும் முகத்தை மறைத்துக்கொண்டு செல்வது இயல்பாகத் தோன்றுகின்றது. இரண்டாவதாக, கதை பெயரிடுகின்றது. 'முதலாவது திருடன்' என்ற சொல் கேட்கப்பட்டதும், பெயர் முகத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. ஜாக்குகள் உள்ளே செருகப்பட்டதைக் கண்ணாற் கண்டதாகவே பார்வையாளர் பின்னர் சாதிப்பர். உண்மையில் அதனை அவர்கள் காதாற் கேட்டனர். மூன்றாவதாக, கதை காலத்தை இடம் மாற்றுகின்றது. 'ஒரு மாளிகை இருந்தது' என்று தொடங்கும்போதே ஏமாற்று முடிந்துவிட்டது. நாம் கூர்ந்து நோக்கத் தொடங்குவது, பிடிப்பதற்கு எதுவும் எஞ்சியிராத வேளையில். நான்காவதாக, கூரையில் நிற்பவனின் முகம் காட்டப்படுகின்றது. அவன் மெய்யாகவே ஜாக். ஓர் உண்மை மூன்று பொய்களுக்குப் பிணை நிற்கின்றது.

நமது மொழி இக்கலையைக் 'கண்கட்டு வித்தை' என்கிறது. அப்பெயர் இவ்விடத்துப் பொருந்தாது. இங்கு எவருடைய கண்ணும் கட்டப்படவில்லை. திறந்த கண் கைபிடித்து அழைத்துச் செல்லப்படுகின்றது. கவனத்தைத் திசைதிருப்புதல் என்பது 'அதோ பார்' என்று கூவிவிட்டு இங்கே எதையோ ஒளிப்பதன்று. பார்க்கத்தக்க ஒன்றைத் தந்து, அதனைப் பார்க்கவேண்டும் என்ற விருப்பையும் உண்டாக்குவதாகும். 'இதோ ஒரு சீட்டை எடுக்கிறேன், இதோ செருகுகிறேன்' என்று கையின் வேலையையே வாயாலும் சொல்லும் வித்தைக்காரரும், 'இவை சாதாரணச் சீட்டுகளே' என்று கேளாத வினாவுக்கு விடையிறுப்பவரும் தோல்வியுறுவது இதனாலேயே. அவர்களிடம் பேச்சு உண்டு, கதை இல்லை.

இனி, அக்கதை யாருடைய கதை என்பதையும் நோக்க வேண்டும். ஜாக் ஏன் திருடனாயிற்று? ஆங்கிலத்தில் இச்சீட்டின் பழைய பெயர் 'நேவ்'. பையன், வேலைக்காரன் என்று பொருள்பட்ட அச்சொல் காலப்போக்கிற் போக்கிரியைக் குறிப்பதாயிற்று. ஏவல் செய்தவனைப் போக்கிரியாக்கியது ஏவியவர்களின் அகராதி. ஆனால் நம்மவர் விரும்பி ஆடும் 304 ஆட்டத்திலோ ஜாக்குக்கு 30 புள்ளி. ராசாவுக்கு 3, ராணிக்கு 2. அரசனைப் பணியாள் வெல்லும் ஆட்டத்தை விளையாடிக்கொண்டே, பணியாளைத் திருடனாக்கும் கதையையும் நாம் ஐயமின்றிச் சொல்லலாமா?

கதையை மாற்றுவது கடினமன்று. நான்கு ஜாக்குகளும் ஒரு கிராமத்து மனுதாரராகட்டும்; கட்டு கச்சேரியாகட்டும். ஒருவரைக் காணிப் பகுதிக்கும், ஒருவரைப் பதிவுப் பகுதிக்கும், ஒருவரைக் கணக்குப் பகுதிக்கும் அனுப்புகின்றனர். நான்காமவர் விறாந்தையிற் காத்திருக்கின்றார். நான்கு மணி அடிக்கின்றது; விரலால் ஒரு தட்டு; நால்வரும் புறப்பட்ட விறாந்தையிலேயே நிற்கின்றனர்! கையின் வேலையில் அணுவளவும் மாற்றமில்லை. சீட்டின் முகம் காட்டப்படாமைக்கும் நியாயம் உண்டு: மனுதாரரின் முகத்தை அங்கு யார் பார்க்கின்றார்கள்? முன்னைய கதையில் முடிவு வெறும் வியப்பு. இக்கதையில் அது வியப்போடு ஒரு கசப்பான சிரிப்பையும் தருகின்றது. கைத்திறன் ஒன்றே, பொருள் வேறு. உருவமும் உள்ளடக்கமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

ஏமாற்றையே தொழிலாகக் கொண்ட ஒரு கலையை முற்போக்காளர் போற்றலாமா என்ற ஐயம் எழக்கூடும். வரலாறு இதற்கு இருவேறு விடைகளைத் தருகின்றது. 1584இல் இங்கிலாந்தில் றெஜினோல்ட் ஸ்கொட் என்பவர் சூனியக்காரிகள் என்று ஏழைக் கிழவிகளை வதைத்த கொடுமையைக் கண்டித்து நூலெழுதினார். சீட்டு வித்தைகள் உட்படப் பல வித்தைகளின் இரகசியங்களை அதில் விளக்கினார். விந்தையாகத் தோன்றுவது கைத்திறனாகவும் இருக்கலாம் என்ற அறிவு அங்கு மனித உயிருக்காக வாதாடியது. 1856இல் பிரெஞ்சு அரசாங்கம் ரொபேர் ஊதான் என்னும் புகழ்பெற்ற வித்தைக்காரரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. மக்களிடையே செல்வாக்குற்ற சமயப் பெரியார் கிளர்ச்சியைத் தூண்டுவர் என்ற அச்சமே காரணம். அவர் ஒரு சிறு பெட்டியை மேடையில் வைத்தார். வலிமை மிக்க ஒருவர் அதனை எளிதில் தூக்கினார். 'உன் வலிமையைப் பறித்துவிட்டேன்' என்றதும், அவரால் அதை அசைக்கவும் முடியவில்லை. மேடையின் கீழ் மின்காந்தம் இருந்தது. இரும்பை மின்காந்தம் பிடித்தது. மனிதரைப் பிடிக்க முயன்றது கதை. வெள்ளையரின் ஆற்றலை எதிர்க்கவியலாது என்பதே அக்கதை. அம்மக்கள் 1962இல் விடுதலை பெற்றதே அதற்குரிய மறுப்பாகும்.

வேறுபாடு வித்தையில் இல்லை, உடன்பாட்டில் உள்ளது. சீட்டுக்காரர் ஏமாற்றப் போவதாக முன்னரே ஒப்புக்கொண்டு ஏமாற்றுகின்றார். பார்வையாளரிடம் எதையும் பறிப்பதில்லை. அந்த ஒப்புதலின்றிச் செய்யப்படும்போது அதே கலை வஞ்சகமாகின்றது. 1963இல் கலாநிதி கோவூர் இந்நாட்டில், மோசடிக்கு இடமில்லாச் சூழலில் அற்புதம் நிகழ்த்துவோருக்கு ஓர் இலட்சம் ரூபா என்று விடுத்த சவால் இவ்வெல்லையைக் காப்பதற்கே. 1978இல் அவர் மறையும்வரை எவரும் அப்பணத்தைப் பெற்றிலர்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வித்தையை மாணவருக்குச் செய்துகாட்டுவதோடு நில்லாது, அவர்களையே செய்யவும் புதிய கதை புனையவும் பழக்குங்கள். தானே மூன்று சீட்டுகளை மறைத்துப் பழகிய மாணவன் விளம்பரத்தை வாசிக்கும்போதும் மேடைப் பேச்சைக் கேட்கும்போதும் சில வினாக்களைக் கேட்பான்: இக்கதை எதை மறைப்பதற்கு நியாயம் வழங்குகின்றது? எந்தப் பெயர் எந்த முகத்தின் இடத்தில் நிற்கின்றது? கதை தொடங்குமுன் முடிந்துவிட்ட காரியம் யாது? காட்டப்படும் ஓர் உண்மை எத்தனை பொய்களுக்குப் பிணை? இலக்கிய விமரிசனம் நமக்குக் கற்பிக்க வேண்டியவையும் இவ்வினாக்களே.