ஆலை வாசலோடு நின்றுபோன சங்கம்

2016 ஏப்ரல் 18 அன்று பெங்களூரு ஓசூர் சாலையில் பொம்மனஹள்ளிப் பக்கம் வண்டிகள் நகரவில்லை. கார்மெண்ட்ஸ் பெண்கள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு நடுரோட்டுக்கு வந்துவிட்டார்கள். மறுநாள் மற்ற சாலைகளுக்கும் மறியல் பரவியது. தடியடி, கண்ணீர்ப்புகை, பஸ் எரிப்பு எல்லாம் நடந்தன. பி.எஃப். கணக்கில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயது வரை எடுக்கக் கூடாது என்று மத்திய அரசு விதியை மாற்றியிருந்தது. 19-ஆம் தேதியே அந்த விதி வாபஸ் ஆனது.

பி.எஃப். என்றால் நமக்கு ஓய்வுக்காலச் சேமிப்பு. அந்தப் பெண்களுக்கு அப்படியில்லை. மாதம் ஏழாயிரம் ரூபாயை ஒட்டிய அன்றைய சம்பளத்தில் வாடகை, ரேஷன், பிள்ளைகளின் படிப்பு போனால் கையில் நிற்பது ஒன்றுமில்லை. மகள் கல்யாணமோ, வட்டிக் கடனோ, வீட்டு லீஸுக்கு முன்பணமோ வந்தால் வேலையை விட்டுவிட்டு, பி.எஃப். பணத்தை எடுத்துக்கொண்டு, வேறு ஃபேக்டரியில் புதிதாகச் சேர்வார்கள். மொத்தமாக ஒரு தொகை கையில் வர அவர்களுக்கு இருந்த ஒரே வழி அது. அதில் கைவைத்ததும்தான் எழுந்தார்கள்.

அந்த மறியலுக்கு எந்தச் சங்கமும் அழைப்பு விடுக்கவில்லை. அந்தத் துறையில் இருந்த சிறு சங்கங்களே அதை எதிர்பார்க்கவில்லை. இரண்டே நாளில் டெல்லியை இறங்கிவர வைத்தவர்கள், மூன்றாம் நாள் அதே லைனில் உட்கார்ந்து அதே டார்கெட்டுக்குத் தைத்தார்கள். மணிக்கு இத்தனை பீஸ் என்ற கணக்கைக் குறைக்கச் சொல்லிக் கேட்க அவர்கள் சார்பில் யாரும் இல்லை. தொழிற்சங்கத்துக்குப் பேர்போன ஊர் இது. இங்கே இந்த நிலை வந்தது எப்படி?

எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல்., பி.இ.எம்.எல். என்ற ஐந்து பொதுத்துறை நிறுவனங்கள்தான் பழைய பெங்களூரின் முதுகெலும்பு. தமிழ்நாட்டிலிருந்தும் கோலாரிலிருந்தும் கண்டோன்மெண்டின் சந்துகளிலிருந்தும் தமிழர்கள் பெருவாரியாக அங்கே வேலைக்குப் போனார்கள். வேலை நிரந்தரம், பஞ்சப்படி உண்டு, மானிய விலையில் கேன்டீன் சாப்பாடு, கம்பெனி பஸ், குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம். இவற்றில் பாதியாவது சங்கம் பேசி வாங்கியது. கிராமத்தில் நிலமில்லாத குடும்பத்திலிருந்து வந்த ஒரு ஃபிட்டர், பத்து வருஷத்தில் பிள்ளையை இன்ஜினியரிங் படிக்கவைக்கும் அளவுக்கு நிமிர்ந்தார். இந்த ஊரின் நடுத்தர வர்க்கத்தில் ஒரு பெரும்பகுதி இப்படி உருவானதுதான். சங்கத்தின் தலையாய சாதனையாக நான் கருதுவது இதைத்தான். உற்பத்தியைக் கெடுத்தார்கள் என்று இன்று எளிதாகப் பேசுகிறவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆனால் அந்தச் சங்கங்களின் பார்வை ஆலை வாசலைத் தாண்டவில்லை. 1980 டிசம்பர் கடைசியில் தொடங்கிய பொதுத்துறை வேலைநிறுத்தம் 77 நாள் நீடித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைக்குப் போகவில்லை. இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் அது பெரிய நிகழ்ச்சிதான். மையக் கோரிக்கை, இன்னொரு பொதுத்துறை நிறுவனமான பி.எச்.இ.எல். தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம். நியாயமான கோரிக்கை. ஆனாலும் அதே ஊரின் சிறு பட்டறைத் தொழிலாளிக்கோ கட்டட வேலை செய்பவருக்கோ அதில் ஒன்றும் இல்லை. இந்திரா காந்தி அரசு அசையவில்லை. தொழிலாளர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பினார்கள். அடுத்த ஆண்டே கன்னடத்துக்கு முதலிடம் கேட்டு கோகாக் போராட்டம் எழுந்தது. சங்கத் தேர்தலில் யார் எந்த மொழிக்காரர் என்ற கணக்கு வலுத்தது. தோளோடு தோள் நின்றவர்கள் பிரிந்து நின்றதன் வலி பெங்களூர்த் தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1991-க்குப் பிறகு சந்தை திறந்தது. தொலைபேசிக் கருவிகளில் ஐ.டி.ஐ.க்கு இருந்த ஏகபோகம் போயிற்று. விருப்ப ஓய்வுத் திட்டங்கள் வந்தன. கார்மெண்ட்ஸ் பெண்கள் ரோட்டுக்கு வந்த அதே 2016-இல்தான், ஜனவரி மாதம், எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. சங்கங்கள் உள்ளே இருந்தவர்களுக்கு முடிந்த அளவு நல்ல தொகை வாங்கிக்கொடுத்தன. காலியான இடங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்களைச் சங்கத்தில் சேர்ப்பதற்கு உள்ளே இருந்தவர்கள் போதிய முனைப்பு காட்டவில்லை. உலகமயமாக்கல் செய்த சேதத்தை யாரும் மறுக்க முடியாது. இந்தக் கதவை மூடிவைத்தது மட்டும் உலகமயமாக்கல் அல்ல, நாமே.

கடல் தாண்டியும் இதே கதைதான். 1950-களில் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் சங்க உறுப்பினர். இன்று பத்தில் ஒருவர். அங்கே ஒருவரின் வேலை வெளிநாட்டுக்குப் போய்விட்டால் அவர் ‘பெங்களூர்டு’ ஆகிவிட்டார் என்று சொல்லும் வழக்கமே உண்டாயிற்று. ஆக, அவர்களுடைய வேலை இங்கே வந்தது. அந்த வேலையை ஒரு காலத்தில் கௌரவமான வாழ்க்கையாக்கிய சங்கம் கூட வரவில்லை.

வராமல் பார்த்துக்கொண்டதில் அரசுக்கும் பங்குண்டு. வேலைநேரம், விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை, பணிநீக்கம் ஆகியவற்றுக்கு எழுத்துபூர்வமான விதிகள் வேண்டும் என்றது 1946-ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டம். ஐ.டி. நிறுவனங்களுக்கு அதிலிருந்து கர்நாடக அரசு விலக்கு தந்தது. 2014, 2019, 2024 என்று ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டித்தும் வந்தது. பெரிய சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேர்பவரின் ஆண்டுச் சம்பளம் பத்து வருஷத்துக்கு மேலாக மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. இதே காலத்தில் பெங்களூரு வீட்டு வாடகை எங்கே போயிற்று என்பது வீடு தேடியவர்களுக்குத் தெரியும்.

குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைகள் பலர் இந்த நிறுவனங்களில்தான் இருக்கிறார்கள். சங்கம் படிக்காதவர்களின் விவகாரம், திறமை இருந்தால் போதும் என்று நம்பினார்கள். எச்.ஆர். அறைக்குள் தனியாக அழைத்து ராஜினாமாக் கடிதம் எழுதச் சொல்லும்போது திறமை கூடவருவதில்லை. 2017-இல் பதிவான கர்நாடக மாநில ஐ.டி. ஊழியர் சங்கம், கே.ஐ.டி.யு., இதைப் புரிந்தவர்கள் தொடங்கியது. 2024 ஜூலையில் வேலைநேரத்தை 14 மணிவரை நீட்டிக்கும் யோசனை கிளம்பியபோது உடனே எதிர்த்தது அவர்கள்தான். பல லட்சம் ஊழியர்கள் உள்ள துறையில் அதன் உறுப்பினர்கள் இன்னும் கொஞ்சம் பேரே. 

சிறு சங்கம் என்று தள்ளிவிடவும் முடியாது. 2020 ஏப்ரலில் கார்மெண்ட்ஸ் தொழிலாளர்களுக்கு மாதம் 417 ரூபாய் பஞ்சப்படி கூடியிருக்க வேண்டும். ஒரு நாளுக்கு 16 ரூபாய். கொரோனாவைக் காரணம் காட்டி அரசு தள்ளிவைத்தது. கார்மெண்ட்ஸ் சங்கங்கள் உயர் நீதிமன்றம் போய் அந்த உத்தரவை நிறுத்தின. அதன் பிறகும் நிறுவனங்கள் இழுத்தடித்தன. வெளிநாட்டு பிராண்டுகளுக்கு அழுத்தம் கொடுத்த பிறகு, 2022-இல்தான் பெரிய ஏற்றுமதியாளர்களிடமிருந்து நிலுவை வரத் தொடங்கியது. 2016-இன் மறியல் இரண்டு நாளில் வென்றது, ஆனால் அடுத்த கோரிக்கைக்கு நிற்கவில்லை. பஞ்சப்படிப் போராட்டம் இரண்டு வருஷம் எடுத்தது, ஆனால் விடாமல் நின்றது. இரண்டாவதைத்தான் நான் சங்கம் என்பேன்.

2021 டிசம்பர் 1 அன்று, தூரவாணி நகர் ஐ.டி.ஐ. ஆலையின் வாசலில் ஏறத்தாழ 80 ஒப்பந்தத் தொழிலாளர்கள் உள்ளே விடப்படாமல் நிறுத்தப்பட்டார்கள். பல ஆண்டுகள் அங்கே உழைத்தவர்கள் அவர்கள். சங்கம் அமைத்ததற்காகவே வெளியேற்றினார்கள் என்று சொல்லி, அந்த வாசலிலேயே மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். ஒரு காலத்தில் இந்தியாவின் வலுவான சங்கங்களில் ஒன்று இருந்த ஆலை அது. இன்றும் நிரந்தர வேலையில் இருந்து சங்கத்துக்குச் சந்தா கட்டுபவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: அடுத்த சம்பள ஒப்பந்தத்தின் கோரிக்கைப் பட்டியலில், உங்கள் படிகளுக்கு முன்னால், உங்கள் ஆலையின் ஒப்பந்தத் தொழிலாளர்களை முதல் வரியாக எழுதுங்கள்.