சித்தியும் கோடீஸ்வரியும்: ராதிகாவின் இரு சின்னத்திரை முகங்கள்

தமிழ்த் திரைப்பட நடிகையரைப் பற்றிய திறனாய்வு பெரும்பாலும் அவர்தம் திரைப்படங்களோடு நின்றுவிடுகின்றது. ராதிகா சரத்குமாரைப் பொறுத்தவரை இது போதுமானதன்று. பாரதிராஜாவின் ‘கிழக்கே போகும் ரயில்’ (1978) வழி அறிமுகமான அவர், பிரதாப் போத்தன் இயக்கிய ‘மீண்டும் ஒரு காதல் கதை’ (1985) படத்தின் தயாரிப்பாளராகத் தேசிய விருது பெற்றார். எனினும் நிபோங் திபால் போன்ற ஊர்களின் தமிழ்க் குடும்பங்கள் அவரை நெருங்கி அறிந்தது சின்னத்திரை வழியாகவே எனலாம்.

‘சித்தி’ (1999–2001) தொடங்கி, ‘அண்ணாமலை’, ‘செல்வி’, ‘அரசி’ எனத் தொடர்ந்த நெடுந்தொடர்களைத் தம் ராடான் நிறுவனத்தின் வழி அவரே தயாரித்து நடித்தார். நடிகையே தயாரிப்பாளராகிப் பெண்ணைக் கதையின் நடுவில் நிறுத்தியது குறிப்பிடத்தக்க சாதனையாகும். ஆயினும் அப்பெண்ணின் பெருமை பெரிதும் பொறுமையிலேயே வைக்கப்பட்டது. குடும்பத்தின் சிக்கல்கள் அனைத்தையும் அவள் ஒருத்தியே சுமந்தாள். ‘வாணி ராணி’யில் (2013–2018) இப்போக்கு உச்சம் பெற்றது. வழக்குரைஞராகிய வாணி, படிப்பறிவு குறைந்த ராணி ஆகிய இருவரையும் ராதிகாவே ஏற்றார். கற்ற பெண்ணும் கல்லாத பெண்ணும் ஒரே நட்சத்திரத்தின் வாயாலேயே பேச நேர்ந்தது.

கலர்ஸ் தமிழ் 2019 டிசம்பரில் தொடங்கிய ‘கோடீஸ்வரி’ இந்நிலையை மாற்றியது. இதே வினாவிடை வடிவத்தில் அமைந்த ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’யை விஜய் தொலைக்காட்சியில் சூர்யா (2012), பிரகாஷ்ராஜ் (2013), அரவிந்த்சாமி (2016) ஆகியோர் நெறிப்படுத்தினர். ‘கோடீஸ்வரி’யிலோ வினவுபவரும் பெண், விடையளிப்போர் அனைவரும் பெண்கள். நெறியாளரின் பணி வினவிவிட்டுக் காத்திருத்தல். தொடர்களில் பிறருக்காகப் பேசிய ராதிகா, இங்குப் பிறர் பேசுவதற்கு இடம்விட்டார். நடிப்புத்திறனைவிட அரிய ஆற்றல் இது.

2020 ஜனவரியில் செவித்திறனும் பேச்சுத்திறனும் அற்ற ஒரு பெண் அந்நிகழ்ச்சியில் ஒரு கோடி ரூபாய் வென்றார். வினாவும் விடைத்தெரிவுகளும் திரையில் எழுத்தாகத் தோன்றும் அமைப்பு அவருக்குத் துணைநின்றிருக்க வேண்டும். அங்கு மதிக்கப்பட்டது அவர்தம் துயரமன்று, அறிவு. நெடுந்தொடரின் நாயகி கண்ணீரால் பெறும் ஏற்பை, இப்பெண் கல்வியால் பெற்றார்.

அதே மாதத்தில் ‘சித்தி 2’ சன் தொலைக்காட்சியில் தொடங்கியமை சிந்தனைக்குரியது. பொறுத்துக்கொள்ளும் பெண், அறிந்து விடைசொல்லும் பெண் என இரு படிமங்களும் ஒரே நடிகையின் முகத்தோடு ஒரே காலத்தில் இல்லங்களை அடைந்தன. வணிக வெற்றியை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் முதற்படிமமே மேலோங்கும். நெடுந்தொடரின் ஆயுள் நீண்டது, வினாவிடை நிகழ்ச்சியின் ஆயுள் குறுகியது.

ஆனால் தமிழாசிரியர் கொள்ளத்தக்க அளவுகோல் வேறு. வகுப்பறையில் வினா எழுப்பிவிட்டு மாணவியின் விடைக்காகக் காத்திருப்பவர் அவர். அவ்வகையில், ராதிகாவின் நாற்பதாண்டு கடந்த கலைவாழ்வில் ‘சித்தி’ பெற்ற புகழைவிட, ‘கோடீஸ்வரி’யில் அவர் காத்த அமைதி உயர்வாக மதிப்பிடத்தக்கது.