இல்லத்தில் பிறந்தநாள்: பிள்ளை கற்பது என்ன?

பிள்ளையின் பிறந்தநாளன்று ஆதரவற்றோர் இல்லம் ஒன்றுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டிவிட்டு, குடும்பத்தோடு போய்ப் பரிமாறிவிட்டு வருவது தமிழ்நாட்டு நகரங்களில் பரவலாகிவிட்ட வழக்கம். கொடுக்கும் குணத்தைச் சின்ன வயதிலேயே பழக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் பெற்றோர் இதைச் செய்கிறார்கள். அந்த எண்ணம் எவ்வளவு தூரம் கைகூடுகிறது என்பதே கேள்வி.

இதனால் விளையும் நன்மையைக் குறைத்து மதிப்பிட முடியாது. பல இல்லங்களில் நன்கொடையை நம்பித்தான் உலை வைக்கிறார்கள். காலைக்கு இவ்வளவு, மதியத்துக்கு இவ்வளவு என்று எழுதிய பலகை அலுவலக அறையிலேயே தொங்கும். பிறந்தநாள், திருமண நாள், திதி என்று வருகிற பணம்தான் அரிசியாகவும் பருப்பாகவும் மாறுகிறது. பிள்ளைக்கும் இதில் பயன் உண்டு. தன் வயதுப் பிள்ளைகள் அப்பா அம்மா இல்லாமலும் வளர்கிறார்கள் என்பதை அது நேரில் பார்க்கிறது. ஆண்டு தவறாமல் போகும் வீட்டில், கொடுப்பது பண்டிகைபோல இயல்பான காரியமாகிவிடுகிறது.

குறை தொடங்குவது, கொடுப்பது யார் என்ற இடத்தில். பணம் அப்பாவுடையது; தொலைபேசியில் பேசி ஏற்பாடு செய்தது அம்மா. பிள்ளை கரண்டியைப் பிடித்து நாலு தட்டில் கேசரி வைக்கிறது. மாலையில் அதற்குரிய புதுச்சட்டை, கேக், பரிசு எதிலும் குறைவில்லை. தன்னுடையது என்று எதையும் அது விட்டுக்கொடுக்கவில்லை. கனடாவில் லாரா அக்னின், கைலி ஹாம்லின், எலிசபெத் டன் ஆகியோர் இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2012இல் வெளிவந்தது. தின்பண்டத்தைப் பெற்றபோது இருந்ததைவிடக் கொடுத்தபோது அக்குழந்தைகளின் முகம் மலர்ந்திருந்தது. வேறெங்கோ கிடைத்ததைக் கொடுத்தபோது இருந்ததைவிடத் தன் கிண்ணத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தபோது மலர்ச்சி இன்னும் கூடியது. அந்த மகிழ்ச்சிக்கு இந்த வழக்கத்தில் பெரும்பாலும் இடமே இல்லை.

இதைவிடப் பெரிய குறை, வாங்குகிற பிள்ளைகளின் பக்கம் இருக்கிறது. பசி வந்துவிட்டது, தட்டும் போட்டாயிற்று. விருந்தினர் வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்ததும் முன்பின் தெரியாத பிள்ளைக்குக் கைதட்டி வாழ்த்துப் பாட வேண்டும். பிறகு வரிசையில் நின்று படம். ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு குடும்பங்கள் பிரியாணி கொண்டுவரும். செவ்வாய்க்கிழமைக்கு ஆள் இருக்காது. குடும்பம் வந்துபோன அன்று மாலையே படங்கள் வாட்ஸ்அப் நிலைத்தகவலில் ஏறிவிடுகின்றன. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளமோ படமோ வெளிவரக் கூடாது என்பதற்காகவே 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் 74ஆம் பிரிவு இருக்கிறது. இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்க்கும் நம் பிள்ளை, கொடுப்பவருக்கு மேடையும் வாங்குபவருக்குக் கைதட்டும் வேலையும் என்று கற்றுக்கொள்ளும். அது தர்மத்துக்கு நேர் எதிரான பாடம்.

நம்மிடம் வேறொரு முறையும் இருந்தது. காஞ்சி மடாதிபதியாக இருந்த சந்திரசேகரேந்திர சரஸ்வதி வலியுறுத்திய பிடி அரிசித் திட்டத்தில், தினமும் சமைக்கும்முன் ஏழைகளுக்கென ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்க வேண்டும். பூதான இயக்கத் தலைவர் வினோபா பாவேயின் சர்வோதயப் பாத்திரத் திட்டமும் இதுபோன்றதே; அதில் ஒரு பிடியைப் பாத்திரத்தில் போடுவது வீட்டுக் குழந்தையின் கை. அன்றாடம் நடக்கும், ஆரவாரம் இல்லை, வாங்குபவர் யாருக்கும் தலைகுனிய வேண்டியதில்லை. ஆனால் அரிசி யாருக்குப் போகிறது என்று குழந்தைக்குத் தெரியாது. முகம் தெரியாத உதவி வெறும் சடங்காகவும் ஆகிவிடலாம். இல்லத்துக்குப் போகும் வழக்கத்தின் பலமே அந்த முகம்தான்.

ஆகவே இந்த வழக்கத்தைக் கைவிடத் தேவையில்லை, திருத்தினால் போதும். தொகையில் ஒரு பங்காவது பிள்ளையின் உண்டியலிலிருந்து வரட்டும். பத்து ரூபாயானாலும் சரி. என்ன தேவை என்று வார்டனிடம் முதலில் கேட்க வேண்டும். பிரியாணியைவிட நாப்கினும், கணக்கு நோட்டும், கண்ணாடிக்கான செலவும் அவசரமாக இருக்கலாம். விசேஷமில்லாத ஒரு வார நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கைபேசி பையிலேயே இருக்கட்டும். பிறந்தநாள் என்று சொல்லாமலே போகலாம். இல்லத்துப் பிள்ளைகளோடு கேரம் ஆடித் தோற்றுவிட்டு வந்தால், அவர்களிடமும் கற்க ஏதோ இருக்கிறது என்பது நம் பிள்ளைக்குப் புரியும். கொடுத்ததற்குப் பரிசு மட்டும் வேண்டாம். பிறருக்கு உதவியதற்காகப் பரிசுப் பொருள் பெற்ற இருபது மாதக் குழந்தைகள், எதுவும் பெறாதவர்களைவிடப் பின்னர் குறைவாகவே உதவினார்கள் என்று பெலிக்ஸ் வார்னெகனும் மைக்கேல் டோமசெல்லோவும் 2008இல் காட்டியிருக்கிறார்கள்.

இரக்கத்தைப் பிள்ளைக்குப் புதிதாக ஊட்ட வேண்டியதில்லை. அது ஏற்கெனவே இருக்கிறது. வாங்குகிறவரின் மானத்தைக் காக்கத்தான் பழக்க வேண்டும். அதைப் பழக்காத ஈகை எத்தனை பந்தி போட்டாலும் அரைப்பாடம்தான்.