ஈட்டி முனையில் சமரசம்

அரசில்லாச் சமூகங்கள் வழக்குத் தீர்த்த முறையைப் புகழ்வது அறிவுலகில் இப்போது மோஸ்தர். ஜாரெட் டயமண்டின் 'தி வேர்ல்ட் அன்டில் யெஸ்டர்டே' (2012) வந்தபின் அந்தப் புகழ்ச்சிக்குக் கைவசம் ஒரு கதையும் கிடைத்துவிட்டது. பப்புவா நியூகினியில் வேன் மோதி ஒரு பள்ளிச் சிறுவன் இறக்கிறான். ஓட்டுநரின் நிறுவனத்தார் சில நாட்களிலேயே பேசி இழப்பீடு கொடுக்கிறார்கள். இரு தரப்பும் சேர்ந்து அழுது, ஒன்றாக உண்டு பிரிகிறார்கள். வாய்தா வாய்தாவாக இழுபடும் நீதிமன்றங்களைப் பார்த்தவர்களுக்கு இது பொறாமையூட்டும். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் துக்கத்துக்கு அரசின் சட்டத்தில் இடமில்லை என்பதும் மெய்தான்.

ஆனால் அந்தப் பணம் ஏன் அத்தனை விரைவாக வந்தது? சிறுவனின் சொந்தக்காரர்கள் பழிதீர்ப்பார்கள் என்ற பயம். டயமண்ட் இதை ஒளிக்கவில்லை. வாசகர்கள்தான் விருந்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

தென்சூடானின் நூவர் மக்களைப் பற்றி மானிடவியலாளர் இவான்ஸ்-பிரிட்சர்ட் 1940இல் எழுதியதும் இப்படித்தான் அரைகுறையாகப் படிக்கப்படுகிறது. கொன்றவன் சிறுத்தைத்தோல் அணிந்த தலைவரின் வீட்டில் தஞ்சம் புகுவான். அவர் இரு தரப்பிடமும் பேசி, நாற்பது ஐம்பது மாடுகளில் பகையை முடித்துவைப்பார். ஆணையிடும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. ஆதிக்கமில்லாத நீதி என்று இதைத்தான் கொண்டாடுகிறார்கள். மாடுகளைத் தொழுவத்திலிருந்து அவிழ்க்க வைத்தது அவருடைய சொல்லா? செத்தவனின் பங்காளிகள் கையிலிருந்த ஈட்டி. ஈட்டி பிடிக்க அண்ணன் தம்பி இல்லாதவனுக்கும் உரிமை அதேதான், வசூலிக்கத்தான் வழியில்லை.

1262க்கு முந்தைய ஐஸ்லாந்தில் தீர்ப்பை நிறைவேற்ற அரசு ஆள் இல்லை. எளியவனுக்கு வசூலிக்க வழியில்லை என்ற இந்தக் குறைக்கு, அங்கே அவன் தன் வழக்குரிமையை வலியவனுக்கு விற்கலாமே என்று பொருளியலாளர் டேவிட் ஃப்ரீட்மன் 1979இல் பதில் சொன்னார். மகனைப் பறிகொடுத்தவன் நியாயம் வாங்கப் பெரிய வீட்டு வாசலில் போய் நிற்பதற்குச் சந்தை என்று பெயர் வைத்தால் போதுமா?

இழப்பீடு என்பது குலத்துக்கும் குலத்துக்கும் நடக்கும் பேரம். குலத்துக்குள் குரல் இல்லாதவர்கள் அதில் கட்சிக்காரர்கள் அல்லர், சரக்கு. பப்புவா நியூகினியின் மேற்கு மேட்டுநிலத்தில் ஒரு சாவுக்கு ஈடாகப் பன்றிகளோடும் பணத்தோடும் ஓர் இளம்பெண்ணையும் கேட்டார்கள். பேசியவர்கள் கணக்கில் எல்லாம் முறைப்படிதான் நடந்தது. மனித உரிமை அமைப்பு ஒன்று வழக்குத் தொடுக்க, 1997இல் தேசிய நீதிமன்றம் அது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று சொல்லி இரு குலத்தாரையும் தடுத்தது. மந்தமும் செலவும் மிகுந்த அதே அரசு நீதிமன்றம்தான்.