காலண்டர் தாளில் வெள்ளைக்காரர் பொன்மொழி

வருஷா வருஷம் சிவகாசியில் தினசரிக் காலண்டர் அடித்து வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பது, பொம்மசந்திராவில் பாத்திரக் கடை போட்ட நாள் முதல் என் வழக்கம். கிழிக்கிற தாளில் ராகுகாலம், எமகண்டம். அடியில் ஒரு பொன்மொழி. பாதிக்கு மேல் வெள்ளைக்காரர் சொன்னதாகவே இருக்கும். ஷேக்ஸ்பியர், சர்ச்சில், பெர்னாட்ஷா. அச்சகத்தார் போட்டதை நானும் படித்துப் பார்க்காமல் பணம் கட்டிவிடுவேன்.

ஒருநாள், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கிழித்த தாளோடு கடைக்கு வந்தார். "நைனார், இதை மெக்காலே எங்கே சொன்னார்னு காட்டுங்க, பார்ப்போம்" என்றார். வாசகர்களும் அதைப் படித்திருப்பீர்கள். இந்தியா முழுவதும் சுற்றினேன், பிச்சைக்காரனும் இல்லை, திருடனும் இல்லை, இவர்கள் முதுகெலும்பை முறிக்க இவர்கள் கல்வியை மாற்ற வேண்டும் என்று மெக்காலே 1835 பிப்ரவரி 2-ல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் பேசினாராம். நம் சங்கத்துப் பேச்சுப் போட்டியில் என் பேரனே இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறான். எழுதிக் கொடுத்தது நான்தான்.

தேடிப் பார்த்தேன். மெக்காலே சென்னையில் கப்பல் இறங்கியது 1834 ஜூனில். அங்கிருந்து பல்லக்கில், நம்ம பெங்களூர் வழியாகவே, ஸ்ரீரங்கப்பட்டணம் போய் ஊட்டிக்கு ஏறி கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைப் பார்த்தார். பிறகு கல்கத்தா. 1835 பிப்ரவரி 2-ல் அவர் கல்கத்தாவில் இருக்கிறார். லண்டனில் பேசுவது எப்படி? அந்தத் தேதியில் அவர் எழுதியது வேறு ஒன்று, கல்வி பற்றிய குறிப்பு. அதில் நம்மைப் புகழவே இல்லை. ஐரோப்பிய நூலகத்தின் ஒரு தட்டுப் புத்தகத்துக்கு இந்தியா, அரேபியா இரண்டின் இலக்கியமும் சேர்ந்தாலும் ஈடாகாது என்கிற பொருளில் எழுதினார். அவருக்கு வடமொழியும் தெரியாது, அரபியும் தெரியாது. அதையும் அவரே ஒத்துக்கொண்டார்.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. நிஜமாகச் சொன்னது வசவு, சொல்லாதது புகழ்ச்சி. நாம் புகழ்ச்சியை எடுத்துக்கொண்டோம். மெக்காலேயை மறுக்க வேண்டுமென்றால் அவர் எழுதியதை வைத்தல்லவா மறுக்க வேண்டும்? நாமே ஜோடித்த சரக்கை அவர் தலையில் கட்டி, அதையே சாட்சியாகக் கூப்பிடுவது கள்ளக்கணக்கு எழுதுகிற வேலை. வியாபாரிக்கு இது நன்றாகப் புரியும்.

சர்ச்சில் பெயரில் வருகிறவையும் இதே ஜாதிதான். சுதந்திரம் கொடுத்தால் இந்தியா போக்கிரிகள் கைக்குப் போய்விடும் என்ற வாசகம் ஆகஸ்ட் 15 தோறும் வருகிறது. சர்ச்சில் ஆய்வாளர்கள் சலித்துத் தேடியும் அவருடைய பேச்சிலோ எழுத்திலோ அது அகப்படவில்லை. ஆஸ்டர் சீமாட்டி காபியில் விஷம் வைப்பேன் என்றதும், உன் புருஷனாக இருந்தால் குடித்துவிடுவேன் என்று அவர் சொன்ன ஜோக்? 1900 வாக்கிலேயே பத்திரிகையில் பெயரில்லாத துணுக்காக வந்தாகிவிட்டது. அம்மையார் பாராளுமன்றத்தில் நுழைந்ததே 1919-ல்.

பெர்னாட்ஷா விஷயம் கொஞ்சம் தர்மசங்கடம். தமிழர்களுக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி. அண்ணாவை ஷாவோடு ஒப்பிட்டார் கல்கி, மு.வ.வையும் தமிழ்நாட்டு பெர்னாட்ஷா என்றார்கள். "ஆங்கில அறிஞர்" என்று நாம் எழுதும் இவர் 1856-ல் டப்ளினில் பிறந்த ஐரிஷ்காரர். போகட்டும். எங்கள் சமண மேடைகளில் ஒரு பேச்சு உண்டு: அடுத்த பிறவியில் ஜைனக் குடும்பத்தில் பிறக்க ஆசை என்று ஷா தேவதாஸ் காந்தியிடம் சொன்னாராம். நானும் நாலைந்து கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். எந்த நூலில், எந்தப் பக்கத்தில் என்று நான் கேட்ட மேடைகளில் ஒருவரும் காட்டியதில்லை. மெக்காலேக்கு ஒரு தராசு, ஷாவுக்கு ஒரு தராசு என்று வைக்க முடியுமா? நான் சொல்வதை நிறுத்திவிட்டேன். அவர் இருபத்தைந்து வயதிலிருந்து சைவ உணவுக்காரர். 1933 ஜனவரியில் பம்பாய் வந்தபோது சமணக் கோயில் பார்த்தார். எனக்கு இது போதும்.

இவ்வளவு பெயர் ஆசை நமக்கு எங்கிருந்து வந்தது? நாலடியாரில் நானூறு வெண்பா. பாடிய சமண முனிவர் ஒருவர் பெயர்கூட அதில் இல்லை. பாண்டியன் ஏடுகளை வைகையில் எறிய, எதிரேறி வந்தவை இவை என்பது செவிவழிக் கதை. அந்தக் கதையிலும் ஏடுதான் பேசப்படுகிறதே தவிர ஆள் இல்லை. பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியில் இருந்த ஜி.யு. போப் ஐயர், பிறகு ஆக்ஸ்போர்டு போய் 1893-ல் நாலடியாரை ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது எழுபது தாண்டியவர். யார் பாடியது என்று தெரியாத பாட்டுக்கு அவ்வளவு உழைத்தார். நாமோ யார் சொன்னது என்று தெரியாததற்குத் துரை பெயரை ஒட்டுகிறோம்.

அடுத்த காலண்டருக்கு அச்சகத்தாரிடம் சொல்லிவிட்டேன். வெள்ளைக்காரர் வாசகம் வந்தால் நூல் பெயரும் வர வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் நாலடியார், செய்யுள் எண்ணோடு. தனியாக எழுத்துக் கோக்க வேண்டும், விலை கூடும் என்றார்கள். முன்பணம் அனுப்பியாகிவிட்டது.